பொறுப்பு கூடினால் ஷாட் பலன் எவ்வளவு குறைகிறது: கணக்கிடும் முறை

கூடைப்பந்தில் ஆட்டத்துக்கு 15 புள்ளி எடுத்தவர் 22 எடுக்கத் தொடங்குகிறார். அதே நேரத்தில் அவருடைய ட்ரூ ஷூட்டிங், அதாவது எறிந்த ஷாட்களுக்குக் கிடைத்த பலனின் சதவீதம், 60-லிருந்து 56-க்கு இறங்குகிறது. வளர்ந்துவிட்டார் என்று ஒருவர் சொல்வார், சரிந்துவிட்டார் என்று இன்னொருவர். இருவரும் பார்க்காமல் விடுவது ஒன்றுதான்: கூடுதலாக எறிந்த ஷாட்களில் கிடைத்தது எவ்வளவு?

முதலில் ஷாட் முயற்சியைக் கணக்கிடுங்கள்: ஃபீல்ட் கோல் (ஆட்டத்தின் நடுவே கூடையை நோக்கி எறிவது) முயற்சி + 0.44 × ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பின்றி எறியக் கிடைப்பது) முயற்சி. எல்லா ஃப்ரீ த்ரோவும் இரண்டிரண்டாக வந்து அணியின் ஒரு வாய்ப்பைத் தின்பதில்லை. கூடை விழுந்தபின் கிடைக்கும் ஒற்றை த்ரோவும் உண்டு, டெக்னிக்கல் ஃபவுலும் உண்டு. அதனால்தான் 0.5 இல்லை, 0.44. புள்ளிகளை இந்த முயற்சியின் இரு மடங்கால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ட்ரூ ஷூட்டிங் கிடைக்கும்.

அடுத்தது யூசேஜ். அவர் களத்தில் இருக்கும்போது அணியின் வாய்ப்புகளில் எத்தனை சதவீதம் அவருடைய ஷாட், ஃப்ரீ த்ரோ அல்லது டர்ன்ஓவரில் (பந்தை எதிரணியிடம் இழப்பதில்) முடிகிறது என்பதை இது சொல்லும். ஐந்து பேர் ஆடுவதால் சராசரி 20.

என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஜேம்ஸ் ஹார்டனை எடுத்துக்கொள்வோம். 2011-12-ல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியில் பெஞ்சிலிருந்து, அதாவது மாற்று ஆட்டக்காரராக, வந்து ஆடியபோது யூசேஜ் 21.6, ட்ரூ ஷூட்டிங் 66. அடுத்த சீசனில் ஹூஸ்டன் ராக்கெட்ஸின் முதன்மை ஆட்டக்காரரானதும் யூசேஜ் 29, ட்ரூ ஷூட்டிங் 60. ஆட்டத்துக்குப் புள்ளி 16.8-லிருந்து 25.9, ஷாட் முயற்சி 12.7-லிருந்து 21.6. அதாவது கூடுதலாக 8.9 முயற்சியில் 9.1 புள்ளி, ட்ரூ ஷூட்டிங் கணக்கில் 51 சதவீதம்.

பலர் தவறுவது இங்கேதான். ஹார்டன் களத்தில் இருந்த நேரமும் 31.4 நிமிடத்திலிருந்து 38.3 ஆகியிருந்தது. நிமிடம் கூடியதால் வந்த ஷாட் வேறு, பொறுப்பு கூடியதால் வந்த ஷாட் வேறு. இரண்டு சீசனையும் 36 நிமிடத்துக்கு மாற்றினால் முயற்சி 14.6-லிருந்து 20.3, புள்ளி 19.3-லிருந்து 24.4. இப்போது கூடுதல் 5.7 முயற்சிக்கு 5.1 புள்ளிதான். 51 என்று தெரிந்தது உண்மையில் 45.

அதற்காக, புதிதாக எறிந்தவை மட்டுமே மோசமான ஷாட் என்று முடிவுகட்டாதீர்கள். பழைய ஷாட்களும் கடினமாகியிருக்கும். தண்டரில் சக நட்சத்திரங்களான டுரான்ட், வெஸ்ட்புரூக் பக்கம் பிரிந்திருந்த தடுப்பு இப்போது அவர் மேல் திரும்புகிறது. ஷாட் கடிகாரத்தில் (எறிவதற்குள்ள நேர வரம்பில்) நாலைந்து நொடி மிச்சமிருக்கும்போது பந்து அவர் கைக்கே வருகிறது. இதைச் சரிபார்க்க, அவர் போட்ட கூடைகளில் அசிஸ்ட் பெற்றவை (சக வீரரின் பாஸிலிருந்து நேரே விழுந்தவை) எத்தனை சதவீதம், கூடைக்கடியில் எறிந்தவை எத்தனை என்று இரு சீசனுக்கும் ஒப்பிடுங்கள். அசிஸ்ட் பங்கு இறங்கியிருந்தால் கை கெடவில்லை, கிடைக்கும் ஷாட்தான் மாறியிருக்கிறது.

அந்த 45 நஷ்டமா என்பது, அவர் எறியாவிட்டால் யார் எறிந்திருப்பார் என்பதைப் பொறுத்தது. மற்றவர்கள் கடைசி நொடியில் 40 ட்ரூ ஷூட்டிங்கில்தான் எறிவார்கள் என்றால் அணிக்கு லாபம்தான்.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரி 2014-15-லிருந்து 2015-16-க்கு யூசேஜ் 28.9-லிருந்து 32.6 ஆனபோது ட்ரூ ஷூட்டிங்கையும் 63.8-லிருந்து 66.9-க்கு உயர்த்தினார். பொறுப்பு கூடினால் பலனும் கூடும் என்று இதைக் கொள்ளக் கூடாது. கூடிய திறமை விலையை மறைத்துவிட்டது. தேறி வருபவர் கையில்தான் பயிற்சியாளரும் பந்தைக் கொடுப்பார். ஆகவே ஒரே சீசனுக்குள், அணியின் இன்னொரு முக்கிய ஆட்டக்காரர் களத்தில் இருந்த நிமிடங்களையும் இல்லாத நிமிடங்களையும் பிரித்து ஒப்பிடுவதே எனக்குத் தெரிந்து நம்பகமான வழி. எதிரே ஆடியது முதல் ஐவரா, பெஞ்சா என்பதையும் பாருங்கள்.

அப்படிப் பிரிக்கும்போது எண்ணிக்கை சுருங்கிவிடும். 200 ஷாட்டில் ட்ரூ ஷூட்டிங் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 4 சதவீதப் புள்ளி ஏறும், இறங்கும். 500 ஷாட் சேர்ந்தாலும் 2.5 வரை ஆடும். பத்து ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ட்ரூ ஷூட்டிங்கில் டர்ன்ஓவர் சேராது என்பதையும் மறக்க வேண்டாம். 36 நிமிடத்துக்கு ஹார்டனின் டர்ன்ஓவர் 2.5-லிருந்து 3.6 ஆனது. புள்ளியை, முயற்சியும் டர்ன்ஓவரும் சேர்ந்த தொகையால் வகுத்தால் 1.13 இருந்தது 1.02-க்கு வருகிறது.