மெஷ்ஷைச் சிறிதாக்கினால் பீம் சீக்கிரம் உடைகிறதா? நான் சரிசெய்த விதம்

நடுவில் வெட்டு போட்ட கான்கிரீட் பீம், மூன்று புள்ளி வளைவுச் சோதனை (இரு முனைகளில் தாங்கி, நடுவில் அழுத்துவது). இதைக் கணினியில் ஃபைனைட் எலிமெண்ட் முறையில் செய்தேன்; பீமை எலிமெண்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலைதான் மெஷ். எலிமெண்ட் அளவை 20 மி.மீ.யிலிருந்து 5 மி.மீ.க்குக் குறைத்ததும் உச்ச சுமை இறங்கியது. அதன்பின் சுமை–இடப்பெயர்ச்சி வளைகோடு செங்குத்தாக விழுந்தது. எல்லா மெஷ்ஷுக்கும் ஒரே தகைவு–திரிபு (stress–strain) வளைகோட்டைக் கொடுத்ததுதான் தவறு. விரிசல் ஒற்றை எலிமெண்ட் வரிசைக்குள் ஒடுங்கிவிடும். வரிசை மெலிய மெலிய, உடைக்கத் தேவைப்படும் ஆற்றலும் குறையும்.

பஜாந்த், ஓ என்ற ஆய்வாளர்கள் 1983இல் முன்வைத்த விரிசல் பட்டை முறைதான் இதற்குத் தீர்வு. முறிவு ஆற்றலை (ஓரலகுப் பரப்பில் விரிசல் உண்டாகத் தேவையான ஆற்றல்) மாற்றாமல், இறுதித் திரிபை (தகைவு சுழியாகும் இடத்துத் திரிபு) மட்டும் எலிமெண்டுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். உச்சத்துக்குப் பின் தகைவு நேர்கோட்டில் சரிந்தால், இறுதித் திரிபு = ஆற்றலின் இருமடங்கு ÷ (எலிமெண்ட் அளவு × இழுவிசை வலிமை). ஆற்றல் 0.1 நியூட்டன்/மி.மீ., வலிமை 3 மெகாபாஸ்கல் என்றால், 20 மி.மீ.க்கு 0.0033, 5 மி.மீ.க்கு 0.0133. இப்படிக் கொடுத்ததும் இரண்டு வளைகோடுகளும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

சுமையை ஏற்றாதீர்கள், இடப்பெயர்ச்சியை ஏற்றுங்கள். இல்லையென்றால் உச்சத்தைத் தாண்டியதும் கணக்கு நின்றுவிடும். உச்சத்துக்கு அருகில் ஒவ்வொரு இடப்பெயர்ச்சிப் படியையும் 0.01இலிருந்து 0.002 மி.மீ.க்குக் குறைத்தேன்.

சாய்வான விரிசல் மட்டும் இன்னும் மெஷ் கோடுகளையே பின்தொடரும். அதை இந்த முறை தீர்க்காது. அங்கே நான்லோக்கல் மாடல் (ஒரு புள்ளியின் திரிபுக்கு அக்கம்பக்கத்துச் சராசரியை எடுப்பது) போன்ற வேறு வழி வேண்டும்.