வீட்டில் முதல்முறை எனிமா எடுக்கிறீர்களா?

எனிமா என்றால் மலச்சிக்கலுக்கு ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் தண்ணீர் செலுத்துவது. முதல் தடவை எடுக்கும்போது வயிறு பிசைந்தால் பெரும்பாலும் அவசரம்தான் காரணம்: தண்ணீர் சில்லென்று இருந்திருக்கும், இல்லை தண்ணீர் ஊற்றும் எனிமா கேனை ரொம்ப உயரத்தில் மாட்டியிருப்பீர்கள்.

கடுமையான வயிற்றுவலி, வாந்தி, ஆசனவாயில் ரத்தம், சமீபத்தில் குடல் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம், சிறுநீரக அல்லது இதய நோய், இதில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். குழந்தைகளுக்கும் அப்படித்தான்.

பெரியவர்களுக்கு முதல் தடவை அரை லிட்டர் தாராளம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் முக்கால் டீஸ்பூன் உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள், வெறும் தண்ணீரைவிட இது குடலுக்கு இதம். சூடு உடம்புச் சூட்டளவு, அதாவது 37 டிகிரி இருந்தால் போதும். மணிக்கட்டின் உள்பக்கம் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. சோப்பு, காபி, ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் கலக்காதீர்கள், குடலின் உட்சுவர் புண்ணாகிவிடும்.

இந்தத் தண்ணீரைக் கேனில் ஊற்றி, குழாயின் கிளிப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் காற்று களகளவென்று வெளியேறி தண்ணீர் சீராக வரும்வரை விட்டுவிட்டு மூடுங்கள், இந்தக் காற்று உள்ளே போனால்தான் வயிறு உப்பிக்கொண்டு படுத்தும். அப்புறம் துண்டு விரித்து இடது பக்கமாகப் படுத்து, வலது முழங்காலை நெஞ்சை நோக்கி மடக்குங்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதி இடப்பக்கம் இருப்பதால் தண்ணீர் சுலபமாக இறங்கும். குழாய் முனையில் நீர் சார்ந்த ஜெல்லைத் தாராளமாகத் தடவி, மூச்சை மெதுவாக விட்டபடி தொப்புளை நோக்கி ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் ஆசனவாய்க்குள் செலுத்துங்கள். தடை தெரிந்தாலோ வலித்தாலோ நிறுத்திவிடுங்கள், தள்ளவே கூடாது.

இப்போது கிளிப்பைத் திறந்துவிடுங்கள். கேன் நீங்கள் படுத்திருக்கும் மட்டத்திலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பிசையத் தொடங்கினால் கிளிப்பை மூடி, கேனை இறக்கி, அரை நிமிடம் ஆழமாக மூச்சு விடுங்கள், அடங்கிவிடும். முழுவதும் உள்ளே போக வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் இல்லை. ஐந்து பத்து நிமிடம் அடக்கினால் போதும், முடியாவிட்டால் உடனே கழிப்பறைக்குப் போய்விடுங்கள், ஆனால் எழும்போது மெல்ல எழுந்திருங்கள், சிலருக்குத் தலை சுற்றும்.

கடையில் கிடைக்கும் சோடியம் பாஸ்பேட் எனிமா என்றால் 24 மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது. போட்டு அரை மணி நேரமாகியும் எதுவும் வெளியே வரவில்லை என்றால் இன்னொன்று போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். மயக்கம், ரத்தம், விடாத வயிற்றுவலி என்றாலும் தாமதிக்காதீர்கள். மலச்சிக்கல் வாராவாரம் திரும்பி வந்தால் எனிமாவைத் தொடராதீர்கள், காரணம் என்ன என்று டாக்டரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.