மின் நிறுவனப் பங்கின் பி.இ.: பத்து வருஷத்தை வரிசையாக வைத்துப் பார்ப்பது எப்படி?

பங்கின் விலையை, ஒரு பங்குக்குக் கிடைத்த ஓராண்டு லாபத்தால் வகுத்தால் பி.இ. விலை 300 ரூபாய், பங்குக்கு லாபம் 20 ரூபாய் என்றால் பி.இ. 15. அது மலிவா, கூடுதலா என்பதை இன்றைய ஓர் எண் சொல்லாது. அதே நிறுவனத்தின் பத்து வருஷக் கணக்கு வேண்டும்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்தும் நிறுவனம் பங்குச்சந்தையில் இல்லை. தூத்துக்குடியில் 1000 மெகாவாட் அனல்மின் நிலையம் வைத்திருக்கும் என்.டி.பி.எல். பங்கும் தனியாகக் கிடைக்காது. அதில் 89 சதவீதம் என்.எல்.சி. இந்தியாவின் கையில். ஆகவே என்.எல்.சி. போன்ற தாய் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில், துணை நிறுவனங்களையும் சேர்த்த ‘ஒருங்கிணைந்த’ கணக்கின் லாபத்தையே எடுங்கள். ‘தனித்த’ கணக்கில் துணை நிறுவனத்தின் டிவிடெண்ட் மட்டுமே வந்து சேரும்.

நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: ஆண்டு, விலை, பங்குக்கு லாபம், பி.இ. விலைக்கு மார்ச் 31 வேண்டாம், ஜூன் 30 எடுங்கள். அந்த ஆண்டின் லாபம் மே மாதவாக்கில்தான் வெளியே வரும்; தெரியாத லாபத்துக்குச் சந்தை விலை வைத்திருக்க முடியாது.

பலர் சறுக்குவது போனஸ் பங்கில், அதாவது நிறுவனம் இலவசமாகத் தரும் கூடுதல் பங்கில். மின்கடத்தும் நிறுவனமான பவர் கிரிட் 2021இலும் 2023இலும் 3 பங்குக்கு 1 போனஸ் தந்தது. இரண்டுக்கும் முன் 9 பங்கு வைத்திருந்தவர் கையில் இப்போது 16. இணைய வரைபடங்கள் பழைய விலையை இதற்கேற்பக் குறைத்துக் காட்டும். 2019-20 ஆண்டறிக்கையிலோ லாபம் அன்றைய எண்ணாகவே இருக்கும். இரண்டையும் அப்படியே வகுத்தால் பழைய பி.இ. பாதியளவுக்குச் சுருங்கி, இன்றைய பங்கு அநியாய விலை போலத் தோன்றும். அந்த 2019-20 லாபத்தை 9ஆல் பெருக்கி 16ஆல் வகுத்துவிட்டு எழுதுங்கள்.

காற்றாலை நிறுவனங்களுக்கு இன்னொரு கவனம். கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாடி எப்போது வேகமெடுக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று மார்கழியில் இல்லை. ஜூலை-செப்டம்பர் காலாண்டு லாபத்தை 4ஆல் பெருக்கினால் பி.இ. பொய்யாகக் குறையும். கடைசி நாலு காலாண்டைக் கூட்டுங்கள்.

பழைய பாக்கிக்கு வந்த வட்டி, சொத்து விற்ற பணம், வரித் திருத்தம் போன்ற ஒருமுறை வரவுகளைக் கழித்துவிடுங்கள். நஷ்ட ஆண்டுக்குப் பி.இ. கிடையாது, கட்டத்தைக் காலியாக விடுங்கள். மிச்சத்தை ஏறுவரிசையில் அடுக்கி நடு எண்ணை எடுங்கள். சராசரியை ஒரே ஒரு கோணல் ஆண்டு கெடுத்துவிடும்.

நடு எண்ணைவிட இன்றைய பி.இ. கூடியிருந்தால் காரணம் தேடுங்கள். வட்டி ஒன்று: ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ 2020 மே மாதம் 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 6.5. வட்டி ஏறினால் இந்தப் பங்குகளுக்குக் கொடுக்கத் தகும் பி.இ. இறங்கும். 100ஐ பி.இ.யால் வகுத்தால் விலையில் லாபம் எத்தனை சதவீதம் என்று தெரியும்; அதை அரசுப் பத்திர வட்டியோடு ஒப்பிடுங்கள். மற்றொன்று புதுத் திட்டங்கள். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2024-29 காலத்துக்கும் அனல்மின் நிலையங்களின் பங்கு மூலதனத்துக்கு (கடன் சேராது) 15.5 சதவீத வருவாய்தான் அனுமதித்திருக்கிறது. அந்த விகிதம் ஏறாதபோது, புதிய நிலையம் எழும்பி ஓடினால்தான் லாபம் பெருகும். கட்டுமானத்தில் கிடக்கும் தொகை ஆண்டறிக்கையில் தனி வரியாக இருக்கும். அது வருஷா வருஷம் ஓடும் சொத்தாக மாறுகிறதா, அப்படியே தேங்கிக் கிடக்கிறதா என்பதை ஐந்தாவது கட்டமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.