வீட்டுத் தண்ணீர் தெருக் குழாய்க்குத் திரும்பாமல் தடுப்பது எப்படி?

தெருக் குழாயில் அழுத்தம் இருக்கும்வரைதான் தண்ணீர் வீட்டை நோக்கி ஓடும். அழுத்தம் விழுந்துவிட்டால் அதே குழாய் வழியாக வீட்டிலிருந்து தெருவுக்கும் ஓடும். கூடவே சம்ப்பில் (தரைக்கடியில் உள்ள தொட்டியில்) கிடக்கும் அழுக்கும், வாளியில் கரைத்த சோப்பும், போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரும் போகும். அடுத்த முறை தண்ணீர் திறந்துவிடும்போது அதைக் குடிப்பது பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இது இரண்டு வகையில் நடக்கும். ஒன்று உறிஞ்சுதல்: மெயின் குழாய் உடைந்தாலோ, சப்ளை நின்று குழாய் காலியானாலோ, யாராவது தெருக் குழாயில் நேராக மோட்டார் போட்டாலோ, லைனில் வெற்றிடம் உண்டாகி வீட்டுப் பக்கத்திலிருந்து இழுக்கும். மற்றொன்று தள்ளுதல்: வீட்டுப் பக்க அழுத்தம் தெருவை மீறுவது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். கடைக்கோடித் தெருக்களில் வரும் தண்ணீருக்கு அந்த அளவு அழுத்தம் பல நேரம் இருப்பதில்லை. அங்கே மாடித் தொட்டியே தெருவை ஜெயித்துவிடும்.

நம் ஊர்களில் தண்ணீர் சில மணி நேரம் வரும், பிறகு நின்றுவிடும். அதாவது ஒவ்வொரு முறை சப்ளை நிற்கும்போதும் இந்த ஆபத்து வருகிறது. கீழே உள்ளவை தனி வீட்டுக்கும் சிறிய அடுக்குமாடிக்கும் பொருந்தும்.

படி 1: எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்

தெரு இணைப்பு உள்ளே வரும் இடத்திலிருந்து ஒவ்வொரு குழாயாகப் பின்தொடர்ந்து ஒரு தாளில் வரையுங்கள். சம்ப், போர் மோட்டார், மாடித் தொட்டி, தோட்டக் குழாய் எல்லாம் அதில் வர வேண்டும். சுவருக்குள் மறைந்த குழாயைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்:

1. தெருவில் தண்ணீர் வராத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தெரு லைனிலேயே இருக்கும், மிகத் தாழ்வான குழாயைத் திறந்துவிடுங்கள். மிச்சத் தண்ணீர் கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும்.
2. குழாய் வாயில் ஈரமான காகிதத்தை வைத்துப் பாருங்கள். அது உள்ளே இழுக்கப்பட்டால் லைனில் அந்த நேரம் வெற்றிடம் இருக்கிறது.
3. போர் மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். திறந்துவைத்த குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்தால் இரண்டு லைனும் எங்கோ சேர்ந்திருக்கின்றன.
4. மோட்டாரை நிறுத்துங்கள். மாடித் தொட்டி வால்வுகளைத் திறந்து, மறுபடியும் பாருங்கள். அப்போதும் ஒழுகினால் மாடித் தொட்டி தெருவுக்குத் திரும்புகிறது.

வரும் தண்ணீர் எதனுடையது என்ற குழப்பம் இருந்தால் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் கருவி) உதவும். போர் தண்ணீரின் டி.டி.எஸ். அளவு பெரும்பாலும் தெருத் தண்ணீரைவிட அதிகம்.

படி 2: சம்ப்பில் காற்று இடைவெளி

எல்லாத் தடுப்புகளிலும் நம்பகமானது இதுதான். தண்ணீர் விழும் குழாய் வாய்க்கும், தொட்டியில் தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கும் நடுவே வெறும் காற்று இருக்க வேண்டும். இதில் தேய ஸ்பிரிங் இல்லை, அடைபட ஃப்ளாப் இல்லை.

அளவு: குழாயின் உள்விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு, ஆனால் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அரை இன்ச் குழாய்க்கு 25 மி.மீ., முக்கால் இன்ச்சுக்கு 40, ஒரு இன்ச்சுக்கு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல வீடுகளில் சத்தம் வரக்கூடாது என்று குழாயைச் சம்ப்பின் அடிவரை இறக்கியிருப்பார்கள். சப்ளை நின்றதும் அந்த ஒரு குழாயே மொத்தச் சம்ப்பையும் தெருவுக்கு இழுத்துக் கொடுக்கும். அதை வெட்டி மேலேற்றுங்கள்.

உச்ச மட்டம் என்பது நீங்கள் வழக்கமாக நிரப்பும் அளவு அல்ல. ஃப்ளோட் வால்வு (தண்ணீர் ஏறியதும் மிதவையால் குழாயை மூடும் வால்வு) கெட்டுப்போனால் தண்ணீர் எங்கே வழியுமோ, அதுதான் உச்சம். ஓவர்ஃப்ளோ குழாய் இருந்தால் அதிலிருந்தும், இல்லையென்றால் மூடியின் விளிம்பிலிருந்தும் அளக்க வேண்டும். ஓவர்ஃப்ளோ குழாய் உள்ளே வரும் குழாயைவிடப் பெரியதாக இருக்கட்டும். வாயில் கொசுவலை கட்டி, திறந்த வெளியில் விழும்படி விடுங்கள். அதைச் சாக்கடையோடு சேர்த்தால், அடைப்பு வரும் நாளில் சாக்கடை சம்ப்புக்குள் ஏறும்.

அழுத்தம் குறைந்த தெருக்களில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் தரைமட்டத்துக்கே ஏறாது என்பதால் குழாய் சம்ப் சுவரில் மூன்று அடி கீழே நுழையும். அதை மேலேற்றினால் தண்ணீர் வராது. அங்கே சம்ப்பின் முழு மட்டத்தைக் குறைப்பதுதான் வழி: குழாய் வாய்க்குக் கீழே, மேலே சொன்ன இடைவெளியை விட்டு ஃப்ளோட் வால்வு மூடும்படி தண்டை வளைத்து அமையுங்கள். மேல்பகுதி காலியாகத்தான் இருக்கும். கொள்ளளவு போதவில்லை என்றால் சம்ப்பை ஆழப்படுத்த வேண்டும். இங்கே பாதுகாப்பு ஃப்ளோட்டை நம்பி நிற்பதால் அதை மாதம் ஒருமுறை கையால் தூக்கிச் சோதியுங்கள். படி 5-இல் உள்ள என்.ஆர்.வி.யும் (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) கட்டாயம் தேவை.

அதே சம்ப்பில் போர் தண்ணீரும் விழுகிறது என்றால் இன்னொன்று. தெரு லைனின் ஃப்ளோட் வால்வு போர் மோட்டாரை நிறுத்தாது. போர் மோட்டாருக்குத் தனி லெவல் சுவிட்ச் போடாவிட்டால் சம்ப் நிரம்பி, தெருக் குழாயின் வாய் மூழ்கிவிடும். மழைநீர் இறங்காதபடி மூடி விளிம்பையும் தரையிலிருந்து அரையடியாவது உயர்த்துங்கள்.

படி 3: தெருக் குழாயில் மோட்டார் வேண்டவே வேண்டாம்

மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. தெருக் குழாயின் ஒவ்வொரு விரிசலிலும் ஒழுகும் இணைப்பிலும், வெளியே தேங்கிய கழிவுநீரை உள்ளே இழுக்கிறது. இது சட்டப்படியும் தவறு. தண்ணீர் தானாகச் சம்ப்பில் விழட்டும், மோட்டார் சம்ப்பிலிருந்து ஏற்றட்டும்.

படி 4: போரையும் தெரு லைனையும் பிரியுங்கள்

ஒரே ஏற்றுக் குழாயில் ‘டீ’ (T வடிவ இணைப்பு) போட்டு, இரண்டு பக்கமும் வால்வு வைத்து, “இதை மூடிவிட்டு அதைத் திறந்தால் போதும் சார்” என்று சொல்லும் ப்ளம்பர்கள் உண்டு. ஏற்காதீர்கள். வால்வு தேயும், யாராவது மூட மறப்பார்கள். இரண்டு லைனும் தனித்தனியாக ஏறி, தொட்டியின் மேலிருந்து தனித்தனியாக, காற்று இடைவெளியோடு விழ வேண்டும்.

1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த நேரம், இரண்டு ஓட்டல்களின் பழைய குழாய் அமைப்பில் குடிநீரோடு கழிவுநீர் கலந்து அமீபிக் சீதபேதி பரவியது. 98 பேர் இறந்தார்கள்.

படி 5: என்.ஆர்.வி. இரண்டாவது காவல்

ஒரு மணல்துகள் வால்வு மூடும் இடத்தில் சிக்கினாலே என்.ஆர்.வி. கசியும். அதனால் காற்று இடைவெளிக்குப் பதிலாக அதைப் போட வேண்டாம், கூடுதலாகப் போடுங்கள். ஓட்டத்தின் திசையில் வரிசை இப்படி: கேட் வால்வு, ஸ்ட்ரெய்னர் (மணலைப் பிடிக்கும் வடிகட்டி), சோதனைக் குழாய் (சோதிக்கத் திறக்கும் சிறு குழாய்), பித்தளை ஸ்பிரிங் என்.ஆர்.வி., இன்னொரு கேட் வால்வு. என்.ஆர்.வி.யின் இரு பக்கமும் யூனியன் (கழற்றக்கூடிய இணைப்பு) வைத்தால் கழற்றிக் கழுவலாம். என்.ஆர்.வி.யின் உடலில் உள்ள அம்புக்குறி வீட்டை நோக்கி இருக்க வேண்டும். டெஃப்லான் டேப்பின் நுனி உள்ளே தொங்கினால் அதுவே ஃப்ளாப்பில் மாட்டும்.

சோதனை: வீட்டுப் பக்கம் தண்ணீர் நின்று அழுத்தும்போது தெருப் பக்க வால்வை மூடிச் சோதனைக் குழாயைத் திறங்கள். சில சொட்டுகளோடு நின்றால் சரி. நிற்காமல் ஒழுகினால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

படி 6: ஹோஸ் பைப்

தெரு லைனில் மாட்டிய ஹோஸின் நுனி வாளியிலோ பூச்சிமருந்து டேங்கிலோ மூழ்கியிருக்கக் கூடாது. 1969-இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் தீயணைப்புக்காகத் தண்ணீர் எடுத்தபோது அழுத்தம் விழுந்து, மைதானத்துப் பாசனக் குழாய் வழியாக அசுத்த நீர் குடிநீரில் ஏறியது. ஹோலி கிராஸ் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியில் ஏறக்குறைய 90 பேருக்கு மஞ்சள்காமாலைக் கிருமி தொற்றியது.

குழாய் முனையில் திருகும் வாக்கும் பிரேக்கர் (வெற்றிடம் வந்தால் காற்றை உள்ளே விட்டு உறிஞ்சுதலைத் தடுக்கும் சிறு கருவி) கிடைத்தால் போடுங்கள். அதற்குப் பின்னால், ஹோஸ் நுனியில், மூடும் வால்வு எதையும் வைக்காதீர்கள். தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் பிரேக்கர் ஒட்டிக்கொண்டு வேலை செய்யாது.

டயாலிசிஸ் மையம், சாயப்பட்டறை, ரசாயனத் தொட்டி உள்ள இடங்களுக்கு இவை போதாது. அங்கே இரண்டு தடுப்பு வால்வும் நடுவில் தண்ணீரை வெளியே கொட்டிவிடும் வால்வும் கொண்ட கருவி தேவை. தண்ணீர் தேங்கும் குழியில் அதை வைக்கக் கூடாது, ஆண்டுதோறும் பயிற்சி பெற்றவர் சோதிக்க வேண்டும்.

தண்ணீர் ஏற்கெனவே நாறினால்

குடிப்பதை நிறுத்தி, மாநகராட்சிக்கோ குடிநீர் வாரியத்துக்கோ உடனே சொல்லுங்கள். சம்ப்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். காற்றோட்டம் இல்லாத சம்ப்புக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. பிறகு நல்ல தண்ணீரை நிரப்பி 1,000 லிட்டருக்கு 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 200 கிராம் சேர்க்க வேண்டும். நீளம், அகலம், ஆழத்தை அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்த பின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். நான்கு மணி நேரமாவது விட்டு வெளியேற்றுங்கள், செடிக்கோ குளத்துக்கோ விட வேண்டாம்.

மறுபடி நிரப்பியதும் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு அரை மணி நேரம் காத்திருந்து, மீதக் குளோரினை (தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை) சோதியுங்கள். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தெருவிலிருந்து வரும் தண்ணீரையும் அப்படியே சோதியுங்கள். அதில் குளோரினே இல்லாமல் நாற்றமும் இருந்தால் கோளாறு உங்கள் சம்ப்பில் இல்லை. லைனைச் சரிசெய்யும்வரை சம்ப்புக்குச் செல்லும் வால்வை மூடியே வையுங்கள்.