உலக அரசியல் பேருரைகளைக் கேட்பது எப்படி, குறித்துக்கொள்வது எப்படி

பல்கலைக்கழக அரங்குகளில் உலக அரசியலையும் சமூக நீதியையும் குறித்து நிகழ்த்தப்படும் உரைகளில் மூன்று வகையான கூற்றுகள் பின்னிப் பிணைந்து வருகின்றன: நடந்தது இன்னது என்பது ஒன்று, அது இன்ன காரணத்தால் நடந்தது என்பது மற்றொன்று, நடந்திருக்க வேண்டியது இன்னது என்பது மூன்றாவது. முதல் வகையை ஆவணங்களைக் கொண்டு சரிபார்த்துவிடலாம். இரண்டாம் வகையை வேறு விளக்கங்களுக்கு அருகில் வைத்துத்தான் எடைபோட முடியும். மூன்றாவது அறம் சார்ந்த நிலைப்பாடு என்பதால், அதற்கு உரையாளர் காட்டும் நியாயங்களையே சோதிக்க வேண்டும். தேர்ந்த உரையாளர் இம்மூன்றையும் இழையோட விட்டே பேசுவார். அதில் குற்றம் ஏதுமில்லை. அவற்றைப் பிரித்துக் கேட்பது அவையினரின் வேலை.

உரைக்குச் செல்வதற்கு முன் உரையாளரின் துறையை அறிந்துகொள்வது, அவருடைய வாழ்க்கைக் குறிப்பு முழுவதையும் படிப்பதைவிடப் பயனுள்ளது. லிபியா குறித்து 2011 மார்ச் மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1973ஆம் எண் தீர்மானத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆதரவாகப் பத்து நாடுகள் வாக்களித்தன. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஆகிய ஐந்தும் வாக்களிப்பைத் தவிர்த்தன. எதிர்த்து எவரும் வாக்களிக்கவில்லை. பன்னாட்டுச் சட்ட அறிஞர், பொதுமக்களைப் பாதுகாக்க அத்தீர்மானம் தந்த ராணுவ நடவடிக்கைக்கான அனுமதி ஆட்சியைக் கவிழ்ப்பதற்கும் பொருந்துமா என்று கேட்பார். பன்னாட்டு உறவுகளை ஆராய்பவரோ, ரஷ்யாவும் சீனாவும் தீர்மானத்தைத் தனியாகவே தடுத்துவிடும் வீட்டோ அதிகாரத்தை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்பார். பிறர் துன்பத்தில் தலையிடும் கடமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அரசியல் தத்துவவாதியின் கேள்வியாக இருக்கும். நிகழ்வு ஒன்றே, கேள்விகள் வேறு. சட்ட அறிஞரின் உரையில் அறக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வது, பெரும்பாலும் அவரது துறையின் எல்லையை அறியாததால் வரும் ஏமாற்றம்தான்.

குறிப்பெடுக்கையில் பக்கத்தை மூன்றாகப் பிரித்து நடந்தது, காரணம், நியாயம் என எழுதிக்கொள்ளலாம். எல்லாச் சொற்களையும் பிடிக்க முயல வேண்டாம். உரையாளர் இம்மூன்றில் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குத் தாவும் இடத்தை மட்டும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். வாதம் வலுவாகவோ பலவீனமாகவோ இருப்பது அங்கேதான் தெரியவரும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது ‘ஐ.நா. சொல்லிவிட்டது’, ‘பன்னாட்டுச் சட்டம் தடுக்கிறது’ போன்ற தொடர்களில். எந்த அமைப்பு, எந்த ஆவணம், அது யாரைக் கட்டுப்படுத்தும் என்ற மூன்று கேள்விகளை உடனே ஓரத்தில் எழுதிவிட வேண்டும். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்ற மனித உரிமைகளுக்கான உலகளாவிய பிரகடனம், 48 நாடுகளின் ஆதரவோடு, எதிர்ப்பு வாக்கு ஒன்றுமில்லாமல், எட்டு நாடுகள் வாக்களிப்பைத் தவிர்த்த நிலையில் நிறைவேறியது. ஆனால் அது ஓர் உடன்படிக்கை அன்று. அதன் உள்ளடக்கத்தை உடன்படிக்கையாக்கிய இரு ஒப்பந்தங்கள் 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தன. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான ஒப்பந்தத்தை அமெரிக்கா 1992இல் ஏற்புறுதி செய்தது, அதாவது அது தன்னைக் கட்டுப்படுத்தும் என முறைப்படி உறுதியளித்தது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஒப்பந்தத்தில் 1977இல் கையெழுத்திட்டதோடு நிறுத்திக்கொண்டது. சீனாவின் நிலை இதற்கு நேர்மாறு: இரண்டாவதை 2001இல் ஏற்புறுதி செய்துவிட்டு, முதலாவதில் 1998இல் இட்ட கையெழுத்தோடு நிற்கிறது. ‘மனித உரிமைகளை உலகமே ஏற்றுக்கொண்டது’ என்று மேடையில் ஒரு வாக்கியம் கேட்டால், எந்த உரிமைகளை, எவ்வளவு தூரம் என்று வினவுவதற்கு இந்த ஒரு விவரமே போதும்.

நீதிமன்றங்களும் இவ்வாறே குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிப்பது. அதன் தீர்ப்பு வழக்கின் தரப்பினரைக் கட்டுப்படுத்தும், அது வழங்கும் ஆலோசனைக் கருத்துக்கோ அத்தகைய கட்டுப்படுத்தும் ஆற்றல் இல்லை, சட்ட மதிப்பு மட்டும் உண்டு. அதே நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை விசாரிப்பது, 1998இல் உருவான ரோம் சாசனத்தின்படி 2002 முதல் இயங்குகிறது, ஐ.நா.வின் உறுப்பமைப்பு அன்று. தீர்ப்பு, ஆலோசனைக் கருத்து, கைது ஆணை ஆகிய மூன்றையும் ‘நீதிமன்றம் தீர்ப்பளித்தது’ என்றே ஒருவர் சொன்னால், அவர் பேராசிரியராக இருந்தாலும் அந்த வரிக்கு அருகே ஒரு கேள்விக்குறி இட்டுவிடுவது நல்லது.

எண்கள் வரும்போது அலகையும் அடிப்படை ஆண்டையும் கேட்க வேண்டும். உலக வங்கி தனது கடும் வறுமைக் கோட்டை 2025 ஜூனில் நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது; 2021ஆம் ஆண்டின் விலைகளும் வாங்குதிறனும் அதற்கு அடிப்படை. ஆகவே, பழைய கோட்டில் எடுத்த எண்ணையும் புதிய கோட்டில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து, வறுமை திடீரென்று பெருகிவிட்டது என்று பேசுவது பிழை. ஏற்றத்தாழ்விலும் இதே சிக்கல்தான். ஒவ்வொரு நாட்டையும் ஓர் அலகாகக் கொள்வதா, மக்கள்தொகைக்கு ஏற்ப எடையிடுவதா, உலகின் எல்லா மனிதர்களையும் ஒரே வரிசையில் நிறுத்துவதா என்பதைப் பொறுத்து விடை மாறும். ஏற்றத்தாழ்வு கூடுகிறது என்பவரும் குறைகிறது என்பவரும் வெவ்வேறு அளவுகோல்களை ஏந்தியிருக்கக்கூடும்.

நீதி பற்றிய பகுதிக்குப் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் கைகொடுப்பார். 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அவர் எழுப்பிய கேள்வி, ‘எதில் சமத்துவம்?’ என்பது. சமத்துவம் வேண்டும் என்பவர் வருமானத்தைச் சமமாக்கச் சொல்கிறாரா, வாய்ப்பையா, அல்லது ஒருவர் உண்மையில் எதைச் செய்யவும் எப்படி வாழவும் இயலும் என்பதையா? இதனுடன் அமெரிக்கத் தத்துவவாதி நான்சி ஃபிரேசர் வகுத்த வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: கோரப்படுவது வளங்களின் மறுபகிர்வா, அடையாளத்துக்கான அங்கீகாரமா, அல்லது இரண்டுமா? உரையாளர் இதற்கு வெளிப்படையாக விடை சொல்லாவிட்டாலும், அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள் சொல்லிவிடும்.

கேள்வி நேரத்தில் எழுந்து நிற்பவர், ஒரு நிமிடத்துக்குள், ஒரே கேள்வியை, கேள்வியாகவே கேட்க வேண்டும். ‘இது கேள்வியன்று, ஒரு கருத்து’ என்று தொடங்குபவர்களால் அவை அடையும் சலிப்பு உலகெங்கும் பொதுவானது. ‘எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் விளக்கத்தைக் கைவிடுவீர்கள்?’ என்பது இரண்டாம் வகைக் கூற்றுக்கு ஏற்றது. ‘இதே நியாயத்தை உங்களுக்கு உடன்பாடான அரசுக்கும் பொருத்துவீர்களா?’ என்பது மூன்றாம் வகைக்கு ஏற்றது. எல்லோருக்கும் தெரிந்த நிலைப்பாட்டை மீண்டும் சொல்லவைக்கும் கேள்விகளால் எவருக்கும் பயனில்லை.

கேட்டதைப் பற்றி எழுதுவதானால், கூட்டம் லண்டனிலுள்ள பன்னாட்டு விவகார ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸின் விதியின்கீழ் நடந்ததா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். 1927இல் வகுக்கப்பட்ட அவ்விதியின்படி, கேட்ட செய்தியைப் பயன்படுத்தலாம். சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை வெளிப்படுத்தக்கூடாது. பொதுக்கூட்டமாயின் இத்தடை இல்லை. எனினும் மேற்கோள் குறிக்குள் இடும் சொற்களைப் பதிவோடு ஒப்பிட்டே இட வேண்டும். பேச்சுக்கும் அச்சுக்கும் இடைவெளி உண்டு. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1919 ஜனவரியில் மியூனிக்கில் அரசியல் என்னும் தொழிலைப் பற்றி ஆற்றிய உரை, அச்சேறும் முன் விரிவாக்கப்பட்டது. எனவே, உரையைக் குறிப்பிடுவதா, பின்னர் வெளிவந்த கட்டுரையைக் குறிப்பிடுவதா என்பதைத் தெளிவாக எழுதிவிட்டு, உரையாளரின் வாதத்தை அவரே ஏற்றுக்கொள்ளும் வடிவில் முதலில் சுருக்கித் தாருங்கள். மறுப்பை அடுத்த பத்தியில் தொடங்கலாம்.