காந்தத் திரவ ஷாக் அப்சார்பரை மாற்றிய அனுபவம்

பெங்களூருவின் வேகத்தடைகளில் என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கம் தடதடக்கவே, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது ஷாக் அப்சார்பரின் சீல் வழியே கருந்திரவம் கசிந்திருந்தது. இரும்புத் துகள்கள் கலந்த அத்திரவம், பிஸ்டனிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்போது உண்டாகும் காந்தப்புலத்தால் சில மில்லி நொடிகளிலேயே இறுகி அதிர்வைக் கட்டுப்படுத்துகிறது. வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. சாலையில் சாதாரண ஷாக் அப்சார்பர் மலிவாகக் கிடைக்கும் என்றார் மெக்கானிக் அண்ணன். அதைப் பொருத்தினால், சுருளைக் காணாத கட்டுப்பாட்டுக் கணினி எச்சரிக்கை விளக்கை எரியவிடும் என்பதால் மறுத்துவிட்டேன். முன்பக்கத்து இரண்டையும் சேர்த்தே மாற்றினோம் (ஒன்றை மட்டும் மாற்றுவது பொய்ச் சிக்கனம்). ஷாக் அப்சார்பரின் இணைப்பிலுள்ள ரப்பர் உறைகளின் (புஷ்) போல்ட்டுகளை, வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்காமல், சக்கரங்கள் எடையைத் தாங்கிய நிலையில் இறுக்கச் சொன்னேன். இல்லையேல் ரப்பர் முறுகி விரைவில் கிழியும். வீல் அலைன்மென்ட் முடிந்ததும் தடதடப்பு நின்றுவிட்டது.