20 அங்குலம் என்பார்கள், கைக்கு வருவது 13: லாங் ஆர்ம் மெஷின் வாங்குவோருக்கு

சாதாரணத் தையல் மெஷினில் துணி நகரும், மெஷின் நிற்கும். லாங் ஆர்மில் துணி நிற்கும், மெஷின் நகரும். குயில்ட் என்ற மூன்றடுக்குப் போர்வைக்கான மேல் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் நீளமான ஃபிரேமில் உருளைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தண்டவாளத்தில் தள்ளியபடி தைக்க வேண்டும். துணியை இழுக்கும் பல் இதில் கிடையாது. தையலின் நேர்த்தி முழுவதும் உங்கள் கையையும் சக்கரத்தையும் ஊசியையும் பொறுத்தது. (நடுவில் வைக்கும் பஞ்சை அமெரிக்காவில் 'பேட்டிங்' என்கிறார்கள். நம்மவர்களுக்கு அது கிரிக்கெட்டையே நினைவூட்டுவதால் இங்கே பஞ்சு என்றே சொல்வோம்.)

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது 'த்ரோட்' அளவு, அதாவது ஊசியிலிருந்து மெஷினின் பின்சுவர் வரை உள்ள தூரம். வீட்டு மெஷின்களில் 6 முதல் 11 அங்குலம் இருக்கும். லாங் ஆர்மில் 18, 20, 24, 26 என்று போகும். ஏமாறுவது இங்கேதான். தைத்து முடித்த பகுதி ஒரு உருளையில் சுற்றிக்கொண்டே வரும். அந்த உருளை த்ரோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. சுற்று தடிக்கத் தடிக்க உங்கள் இடம் சுருங்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 100 அங்குல நீளக் குயில்ட், பருத்திப் பஞ்சு, அழுத்திச் சுற்றினால் தடிமன் 1/8 அங்குலம். உருளையின் விட்டம் 2 அங்குலம். முழுக்கச் சுற்றி முடித்தால் சுற்றின் விட்டம் ஏறக்குறைய 4.5 அங்குலம் ஆகிவிடும். ஊசியைச் சுற்றியுள்ள பாதம் சுற்றில் முட்டாமல் இருக்கவும், முன்பக்க உருளையில் இடிக்காமல் இருக்கவும் இன்னும் 2.5 அங்குலம் விட வேண்டும். 20 அங்குல மெஷினில் தொடங்கும்போது 15.5 அங்குலம் கிடைக்கும், கடைசி வரிசைக்கு வரும்போது 13தான். உப்பலான பாலியெஸ்டர் பஞ்சு 1/4 அங்குலம் நிற்கும் என்றால் சுற்று 6 அங்குலமாகி, 11.5 ஆகிவிடும். ஆகவே எந்த மெஷினைப் பார்த்தாலும் த்ரோட் அளவிலிருந்து 7 கழித்துவிட்டு யோசியுங்கள்.

அந்த மீதி போதுமா என்பது நீங்கள் தைக்கும் டிசைனைப் பொறுத்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கோலம் போல் ஓடும் டிசைன் என்றால் 18 அங்குல மெஷினே தாராளம். 12 அங்குலக் கட்டங்களை வைரம் போலச் சாய்த்து வைப்பவரா? அதன் மூலைக்கு மூலை 17 அங்குலம். துணியை நகர்த்தாமல் ஒரு கட்டத்தை முடிக்க 24 அங்குல மெஷின் மட்டுமட்டாகப் போதும், 26 என்றால் நிம்மதி. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு 26க்குப் போக வேண்டாம். கையால் ஓட்டும்போது பின்கோடி வரை கை நீட்டினால் முழங்கை நிமிர்ந்துவிடும், அங்கே போடும் வளைவு நடுங்கும். அவ்வளவு ஆழத்தை முழுதாகப் பயன்படுத்துவது பெரும்பாலும் மெஷினைத் தானே ஓட்டும் கம்ப்யூட்டர்தான்.

அடுத்து அறை. மெஷினைவிட இதில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். அமெரிக்கக் கிங் (பெரிய கட்டில்) அளவுக் குயில்ட் 108 அங்குலம் வரை அகலம் போகும். அடித்துணி இருபுறமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும், ஆக 116. 10 அடி ஃபிரேம் என்றால் 120 அங்குலம்தானே, போதும் என்று தோன்றும். ஆனால் மெஷினின் உடல் அகலம் இரண்டு கோடியிலும் இடத்தை விழுங்கும். ஊசி போய்ச் சேரும் அகலம் ஃபிரேம் நீளத்தைவிட 1 முதல் 2 அடி குறையும். கிங் தைக்க 12 அடி, அதைவிடச் சிறிய குவீன் அளவு வரை போதுமென்றால் 10 அடி. விற்பவரிடம் ஃபிரேம் நீளத்தைக் கேட்காதீர்கள், 'ஊசி எவ்வளவு அகலம் வரை போகும்' என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

12 அடி ஃபிரேமுக்கு ஒரு கோடியில் 1 அடியும் மறு கோடியில் ஆள் நுழைய 2.5 அடியும் வேண்டும், ஆக 15.5 அடி நீளம். குறுக்கே மேசை 4 முதல் 5 அடி, முன்னால் நிற்க 3 அடி, பின்னால் 2.5 அடி. காகிதத்தில் உள்ள டிசைனை லேசர் புள்ளியால் பின்தொடர்ந்து தைப்பவர் நிற்பது பின்பக்கத்தில்தான், சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்த வேலையே நடக்காது. அறைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் இந்த அளவை ஒட்டி, ஒரு வாரம் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கதவு திறக்கிறதா, அலமாரி இடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரியும்.

இடமே இல்லை என்றால் உட்கார்ந்து தைக்கும் வகை உண்டு. ஹேண்டி குயில்டர் கம்பெனியின் ஸ்வீட் சிக்ஸ்டீன், பெர்னினா கம்பெனியின் கியூ 20 போன்றவற்றை மேசையில் பதித்துக்கொள்ளலாம். இதில் துணியைத்தான் நகர்த்த வேண்டும், மூன்று அடுக்கையும் முன்கூட்டியே ஊக்கு போட்டோ இழையோட்டியோ சேர்த்துக்கொள்ள வேண்டும். விலையும் குறைவு. பெரிய குயில்டின் கனத்தை நாள் முழுக்கத் தோள் தாங்குமா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தையல் சீராக்கி, அதாவது ஸ்டிட்ச் ரெகுலேட்டர் இல்லாத பழைய மெஷின் மலிவாகக் கிடைத்தாலும் புதியவர் வாங்க வேண்டாம். தண்டவாளத்தில் ஓடும் இரண்டு சிறு சென்சார் சக்கரங்கள், ஒன்று இடவலமாக, மற்றொன்று முன்பின்னாக, நீங்கள் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறீர்கள் என்று அளந்து மோட்டாருக்குச் சொல்லும். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் தையல் நீளம் ஒன்றாக இருக்கும். அதற்கும் எல்லை உண்டு. நிமிடத்துக்கு 1800 தையல் போடும் மெஷினில் அங்குலத்துக்கு 10 தையல் வைத்தால் நொடிக்கு 3 அங்குலம்தான் கை ஓடலாம். அதைத் தாண்டினால் தையல் நீண்டுவிடும். 2500 தையல் என்றால் நொடிக்கு 4 அங்குலத்துக்குச் சற்று மேல். ஒரே ஒரு திசையில் மட்டும் தையல் நீள்கிறதா? அந்தத் திசைக்கான சென்சார் சக்கரம் தண்டவாளத்தைத் தொடவில்லை, அல்லது அதில் நூல்தும்பு சுற்றியிருக்கிறது.

சீராக்கியில் இரண்டு விதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் கை நின்றால் ஊசியும் நிற்கும்; ஸ்கேல் வைத்துத் தைக்கவும் கூர்முனைகளுக்கும் அது. மற்றொன்றில் கை நின்றாலும் ஊசி மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். இலை, சுருள் போன்ற வளைவுகள் அதில்தான் வழுக்கிக்கொண்டு வரும்.

இனி ஓட்டிப் பார்ப்பது. கடையில் மாட்டியிருக்கும் துணி அவர்கள் மெஷினுக்கு ஒத்துப்போன துணி. நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பஞ்சு, நாலைந்து தையல் மடிப்பு ஒன்றுகூடும் கனமான மூலை உள்ள மேல் துணி, உங்கள் நூல் (40 எண் பாலியெஸ்டர், 50 எண் பருத்தி இரண்டும்) எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு கஜ நீளம் போதும்.

வட்டம் போட்டுப் பார்ப்பதைவிட 'அ' எழுதிப் பாருங்கள், 2 அங்குல உயரத்தில், ஒரே இழுப்பில். தொடக்கச் சுழியில் மெஷின் நான்கு திசைக்கும் அடுத்தடுத்துத் திரும்ப வேண்டும். கனமான தலை உள்ள மெஷின் இங்கே கையை மீறி வெளியே போகும், சுழி முட்டையாகிவிடும். கீழ் வளைவு நீண்டு போகும்போது சக்கரம் எங்காவது தட்டினால் கோட்டில் ஒரு சிறு பல் தெரியும். கடைசி நேர்க்கோடு மேலிருந்து கீழாக, உங்களை நோக்கி வருவது. கோணலாக வந்தால் தண்டவாளம் மட்டமாக இல்லாமல் இருக்கலாம். பிறகு 'ழ' எழுதுங்கள். அந்தக் கீழ்க்கொக்கியில் திரும்பும்போது கை தானாக வேகமெடுக்கும். துணியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வளைவின் உள்பக்கமாகக் கண்ணிமை மயிர் போல மேல்நூல் இழுபட்டு நின்றால், மேல்நூலின் டென்ஷன் (இறுக்கம்) தளர்வு அல்லது கைவேகம் அதிகம். டென்ஷனை இறுக்கியும் போகவில்லை, மெதுவாக ஓட்டியும் போகவில்லை என்றால் அந்த மெஷினில் வேறு கோளாறு இருக்கிறது.

அடுத்து எட்டுத் திசைக்கும் நேர்க்கோடு. ஒரே திசையில் மட்டும் நூல் அறுந்தால் பெரும்பாலும் ஊசி திரும்பியிருக்கும். லாங் ஆர்ம் ஊசிகள் பல உருண்டைத் தண்டு கொண்டவை, வீட்டு மெஷின் ஊசி போலத் தட்டைப் பக்கம் வழிகாட்டாது. முன்பள்ளம் உங்களைப் பார்க்கவும், கண்ணுக்கு மேலுள்ள பின்குழிவு ஹூக் (அடியில் மேல்நூலைக் கவ்வும் கொக்கி) பக்கம் இருக்கவும் கண்ணால் பார்த்து மாட்ட வேண்டும். சாதாரண நூலுக்கு 16 அல்லது 18 எண் ஊசி. இதைவிட மெல்லியதானால் மெஷின் நகரும் வேகத்தில் ஊசி வளைந்து ஹூக்கைத் தவறவிடும், தையல் விட்டுவிட்டு விழும்.

அடிநூல் சுற்றும் பாபினில் எல், எம் என்று இரண்டு அளவு. எம் பாபின் ஒன்றரை மடங்குக்கு மேல் நூல் கொள்ளும். கனமாக இருப்பதால், சட்டென்று நின்றால் அது மட்டும் தொடர்ந்து சுழன்று நூலைக் கக்கும், அடியில் குருவிக்கூடு. பாபின் கேஸுக்குள் அதைத் தடுக்கும் மெல்லிய ஸ்பிரிங் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கேஸை உள்ளங்கையில் வைத்து நூலை மெல்லத் தூக்கினால் கேஸ் எழுந்து நிற்க வேண்டும், கையை விட்டுக் கிளம்பக் கூடாது. திருகாணியைத் திருப்புவதானால் கடிகாரத்தில் 5 நிமிட அளவு, அதற்கு மேல் ஒரு தடவையில் வேண்டாம்.

விற்பவரிடம் ஹூக் டைமிங், அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரத்தை வைக்கச் சொல்லித் தரச் சொல்லுங்கள். என்றைக்காவது ஊசி ஸ்கேலில் மோதும், டைமிங் நகரும், அதற்குப் பிறகு ஒரு தையல் கூடச் சரியாக விழாது. மெக்கானிக் 300 மைல் தள்ளி இருந்தால் மெஷின் வாரக்கணக்கில் தூங்கும். சொல்லித் தர மறுப்பவரிடம் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். ஸ்கேலும் 1/4 அங்குலத் தடிமனுள்ள அக்ரிலிக்காகவே இருக்கட்டும். வீட்டு மெஷினுக்கான மெல்லிய ஸ்கேல், துள்ளும் பாதத்துக்கு அடியில் நுழைந்துவிடும்.

கம்ப்யூட்டர் பிறகு சேர்த்துக்கொள்ளலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர்: ப்ரோ ஸ்டிட்சர் ஹேண்டி குயில்டர் மெஷினுக்கு, குயில்ட் பாத் ஏபிக்யூஎஸ் மெஷினுக்கு, ஸ்டாட்லர் காமில் மெஷினுக்கு. இன்டெலிகுயில்டர் பல கம்பெனி மெஷின்களிலும் மாட்டும். 18 அங்குலத்தில் கையால் ஓட்டும் மெஷின் ஃபிரேமோடு 10,000 டாலரை ஒட்டித் தொடங்கும். பெரிய மெஷினும் கம்ப்யூட்டரும் சேர்ந்தால் 30,000 தாண்டும். பிறருக்குத் தைத்துப் பணத்தை எடுத்துவிடலாம் என்பவர்களுக்கு: ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடும் டிசைனுக்குச் சதுர அங்குலத்துக்கு 2 முதல் 3 சென்ட் கூலி. 60க்கு 80 அங்குலக் குயில்ட் 4,800 சதுர அங்குலம், 2.5 சென்ட் வைத்தால் 120 டாலர். 20,000 டாலர் மெஷினுக்கு 167 குயில்ட், நூல் செலவு சேர்க்காமல். முதலில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடையில் இரண்டு மூன்று குயில்ட் தைத்துப் பாருங்கள். பல கம்பெனி மெஷின்களை ஒரே நாளில் ஓட்ட வேண்டுமானால் வசந்தத்தில் கென்டக்கியின் படூகா, இலையுதிர் காலத்தில் ஹூஸ்டன் குயில்ட் கண்காட்சிகளுக்குப் போங்கள். அங்கே வைத்திருந்த மெஷின்களைக் கண்காட்சி முடிந்ததும் விலை குறைத்துக் கொடுப்பதும் உண்டு.

பழைய மெஷின் என்றால் திரையில் இதுவரை ஓடிய தையல் எண்ணிக்கையைப் பார்க்கவும். பெண்கள் அணியும் நைலான் காலுறைத் துண்டால் ஹூக்கைத் துடைத்தால், அதில் முள் போன்ற உலோகப் பிசிறு இருந்தால் உடனே மாட்டிக்கொள்ளும். மெஷினைக் கையால் மெல்லத் தள்ளிக் காதைக் கொடுங்கள். டக் டக் என்று ஒரே இடைவெளியில் கேட்டால் சக்கரம் ஒருபக்கம் தட்டையாகியிருக்கிறது. ஒரே இடத்தில் கேட்டால் தண்டவாளம் நசுங்கியிருக்கிறது. சக்கரம் மாற்றலாம். தண்டவாளம் செலவு. அமெரிக்காவில் வாங்கி ஊருக்கு அனுப்புவதானால் பெயர்த்தகட்டில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, 120 மட்டுமா என்று முதலில் படியுங்கள்.

மெஷின் வந்து பூட்டி முடித்ததும் ரசமட்டத்தை ஃபிரேமின் நான்கு இடத்தில் வைத்துக் காலடித் திருகுகளைச் சரிசெய்யுங்கள். மெஷினை நடுவில் நிறுத்திக் கையை எடுங்கள். தானாக எந்தப் பக்கமாவது உருண்டால் இன்னும் மட்டமில்லை. உயரம், துணி உங்கள் முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும்படி. மரத்தரை என்றால் இரண்டு வாரம் கழித்து ரசமட்டத்தை மறுபடி வையுங்கள், கனத்தில் தரை இறங்கியிருக்கும்.